சோபாவுக்காக டிவி பார்ப்பவர்

கதாநாயகி அழத் தொடங்கியதும் சோபாக்காரர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய்க் குனிந்துகொண்டார். அவள் எதற்கு அழுகிறாள், எந்தப் பாவி அழவைத்தான் என்பதில் அவருக்கு அக்கறையே இல்லை. கண்மை கரைந்து கன்னத்தில் இறங்கி, அவள் முகம் புதைத்திருக்கும் மஞ்சள் சோபாவில் ஒட்டுகிறதா என்பதுதான் கவலை. "அழும்மா, வேணாங்கல. கொஞ்சம் நிமிந்து உக்காந்து அழக்கூடாதா?" என்று திரையிடம் கேட்டார்.

அது அவருடைய சோபா. தொடர்களின் படப்பிடிப்புக்குக் கட்டில், பீரோ, மேசை, நாற்காலி என்று எல்லாம் வாடகைக்கு விடுவது அவர் தொழில். முன்னால் வீடு, பின்னால் கிடங்கு. படப்பிடிப்பில் எல்லோருக்கும் அவர் ‘சோபாக்கார அண்ணன்’. அவர் மனைவி, வீட்டுக்காரம்மா, கிடங்கின் ஓரத்தில் தையல் மெஷின் போட்டு மெத்தை உறைகள் தைக்கிறார்.

ஆகவே எந்தக் கிழமையில் எதைப் பார்ப்பது என்பது அவருக்கு ரசனை சம்பந்தப்பட்டது அல்ல, சாமான் எங்கே போயிருக்கிறது என்பதைப் பொறுத்தது. திங்கட்கிழமை மஞ்சள் சோபா. செவ்வாய்க்கிழமை சமையல் நிகழ்ச்சி. அங்கே இருக்கிற தேக்கு மேசை இவருடையது. சூடான சட்டியை அந்தப் பெண் அப்படியே மேசைமேல் இறக்கும்போது இவருக்குத் தன் முதுகிலேயே வைத்ததுபோல் இருக்கும். "அடியில ஒரு துணி போடத் தெரியல, இதுல ஊருக்கு வேற சொல்லிக் குடுக்குது" என்பார். மரத்தின்மேல் ஈரப் பாத்திரம் வைப்பவர்களை அவர் மனிதர்களில் சேர்ப்பதில்லை. தன் வீட்டிலேயே யாராவது டம்ளரை மேசையில் வைத்தால், தோளில் கிடக்கும் துண்டு பறந்துவந்து அதன் அடியில் விழும்.

புதன்கிழமை போலீஸ் தொடர். ஒருமுறை இன்ஸ்பெக்டர் வில்லனைத் தூக்கி பீரோவின் மேல் அடித்துவிட்டார். வில்லனுக்கு என்ன ஆயிற்று என்று நாடே யோசித்துக்கொண்டிருந்தபோது, இவர் போனைப் போட்டு, "கதவு மூடுதா, பாத்தீங்களா?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார். வியாழக்கிழமைத் தொடரில்தான் அவருக்கு உள்ளூரச் சிரிப்பு. பணக்கார வீட்டு ஹாலில் இருக்கிற அதே அலமாரிதான், திருப்பிப்போட்டால் ஏழை வீட்டுத் தடுப்பு. இது அவருக்கும் வீட்டுக்காரம்மாவுக்கும் மட்டும் தெரிந்த ரகசியம். சனிக்கிழமை வண்டி ஏற்றுவதற்கே நேரம் சரியாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை எதிர்க் கடைக்காரர் சாமான் கொடுக்கிற நிகழ்ச்சி. அதை வேவு பார்ப்பார். "பாலிஷா இது? வெறும் எண்ணெயைத் தடவி அனுப்பியிருக்கான்."

வெள்ளிக்கிழமையை விட்டுவிட்டீர்களே என்று கேட்பீர்கள். வெள்ளிக்கிழமைதான் வீட்டில் வினையே.

வீட்டுக்காரம்மா கொஞ்சம் குள்ளம். கடையில் வாங்குகிற எந்த நாற்காலியில் உட்கார்ந்தாலும் கால் தொங்கும், சற்று நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அவருக்காகவே சோபாக்காரர் ஒரு நாற்காலி செய்து கொடுத்திருந்தார். கால்கள் கட்டை, முதுகுக்குப் பிரம்பு, கத்தரியும் நூல்கண்டும் வைத்துக்கொள்ள அகலமான கைகள். பாலிஷ் காய்வதற்காக ஒருநாள் அதை வாசலில் வைத்திருந்தார்கள். வண்டிக்காரர் வந்தார், வாசலில் கிடந்த எல்லாவற்றையும் ஏற்றினார், போய்விட்டார்.

போன இடத்தில் அதில் உட்கார்ந்தவர் வெள்ளிக்கிழமைத் தொடரின் பெரியவர். பிள்ளை வீட்டில் ஒண்டிக்கொண்டிருக்கும் மாமனார் வேடம். ஆள் ஆறடி. கட்டைக்கால் நாற்காலியில் முழங்கால் இரண்டும் மார்புக்கு ஏற, மனிதர் ஒடுங்கி உட்கார்ந்ததும் டைரக்டருக்கு உள்ளம் உருகிவிட்டது. பதறியடித்துக்கொண்டு ஓடிய சோபாக்காரரிடம் மேனேஜர் கையை விரித்தார். "ஷாட் எடுத்தாச்சுண்ணே. இனிமே அவர் கதையில இருக்கிற வரைக்கும் அந்த நாற்காலியும் இருந்தே ஆகணும். மாத்தினா ஜனங்க கண்டுபிடிச்சிருவாங்க."

வீட்டுக்காரம்மா சும்மா விடவில்லை. "கட்டினவ நாற்காலியக் கண்டவருக்குத் தூக்கிக் குடுத்த ஆள் இந்த உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான்." சோபாக்காரர் அதே அளவில் வேறொன்று செய்து கொடுத்தார். அதை வீட்டுக்காரம்மா ஏறிட்டும் பார்க்கவில்லை. "என்னுது வரட்டும்" என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப்போட்டு, அடியில் பலகை முட்டுக்கொடுத்து உட்கார்ந்து தைத்தார். தைத்து முடித்து எழும்போதெல்லாம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கணவர் காதில் விழும்படியாக ஒரு ‘ம்’ போடுவார். அந்த ‘ம்’ சோபாக்காரரைத் தூங்கவிடவில்லை.

அதனால் வெள்ளிதோறும் இருவரும் நாற்காலியைப் பார்ப்பதற்காக டிவி முன் உட்கார்ந்தார்கள். சோபாக்காரருக்கு ஒரே பிரார்த்தனை: பெரியவர் சீக்கிரம் மண்டையைப் போட வேண்டும். வீட்டுக்காரம்மாவும் முதலில் பிரம்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வாரத்திலிருந்து உட்கார்ந்திருக்கிற ஆளைப் பார்க்கத் தொடங்கினார் என்பது அவருக்கே தெரியாது.

"எத்தனை வாரமா தண்ணி கேக்குறார் பாவம். அந்த மருமக ஒரு டம்ளர் மொண்டு குடுக்குறாளா பாருங்க."

"அவர் எப்போ போவார்னு நான் காத்துக் கிடக்கேன். நீ தண்ணி குடுக்கணும்கிற."

"வாயக் கழுவுங்க."

பிறகு பெரியவர் இருமினார். தொடரில் ஒருவர் இருமினால் அது ஜலதோஷம் இல்லை என்பது சின்னக் குழந்தைக்கும் தெரியும். சோபாக்காரருக்கு வாயெல்லாம் பல். துண்டால் வாயைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினார். வீட்டுக்காரம்மாவின் முகம் கறுத்திருந்தது.

"எனக்கு ஒண்ணும் நாற்காலிக்கு அவசரமில்ல" என்றார். "இடுப்பு இப்போ பரவாயில்ல."

பொய். எழுந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார். சோபாக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. இவளுக்காகத்தானே நாம் இந்தப் பாவத்தை வேண்டிக்கொண்டோம், இப்போது இவளே நம்மைக் கொலைகாரனைப் பார்ப்பதுபோல் பார்க்கிறாளே என்று மனசுக்குள் குமைந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை வண்டிக்காரர் வாசலில் ஹாரன் அடித்தார். இறங்கிய சாமான்களில் முதலில் வந்தது கட்டைக்கால் நாற்காலி.

"அக்கா, உங்க சொத்து வந்துருச்சு" என்றார், பரிசு கொண்டுவந்த முகத்தோடு. "பிரம்புல ஒரு கீறல் இல்ல. நல்லாப் பாத்துக்குங்க."

வீட்டுக்காரம்மா பார்க்கவில்லை. கையில் கத்தரியோடு அப்படியே நின்றார். படப்பிடிப்பு முன்கூட்டியே முடிந்துவிடும், டிவியில் பிறகுதான் வரும் என்பது இந்த வீட்டுக்குப் புதிய செய்தியா என்ன? நாற்காலி திரும்பிவிட்டது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

"அப்போ பெரியவர்..." என்றார்.

"இந்த வெள்ளிக்கிழமை, அக்கா..." என்று ஆரம்பித்த வண்டிக்காரரை சோபாக்காரர் கண்ணாலேயே அடக்கினார். அந்த நிமிஷம் நாற்காலியைத் திரும்ப வண்டியில் ஏற்றி அனுப்ப முடிந்தால் அனுப்பியிருப்பார்.

மூன்று நாளும் நாற்காலி ஹாலில் கிடந்தது. வீட்டுக்காரம்மா அதைத் துடைத்தார், பிரம்பின் சந்துகளில் இருந்த தூசியை ஊசியால் எடுத்தார். உட்காரத்தான் இல்லை. வெள்ளிக்கிழமை வந்ததும் சோபாக்காரர், "இன்னைக்கு கரண்ட் நிக்கும்னு சொன்னாங்க" என்று ஒரு புளுகை அவிழ்த்துப் பார்த்தார். வீட்டுக்காரம்மா கட்டைக்கால் நாற்காலியை டிவிக்கு எதிரே இழுத்துப்போட்டார். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, தான் அதில் உட்கார்ந்தார்.

திரையில் பெரியவர் முழங்கால்களைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதே நாற்காலி அங்கேயும் இருந்தது, இங்கேயும் இருந்தது. வீட்டில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து இருமல் வந்தது. "தண்ணி" என்றார் பெரியவர். இன்னொரு முறையும் கேட்டார்.

வீட்டுக்காரம்மா எழுந்து உள்ளே போனார். டம்ளர் நிறைய, வெளியே வழிய வழியத் தண்ணீர் கொண்டுவந்து, காலி நாற்காலியின் அகலமான கைமேல் வைத்தார்.

சோபாக்காரரின் கை தோள் துண்டுக்குப் போயிற்று. டம்ளரைச் சுற்றி ஈரம் மரத்தில் பரவுவதைப் பார்த்தார். துண்டை அங்கேயே விட்டுவிட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டார்.