கடலைச் சாந்தும் கறுப்பு பம்பரும்

சோலோ நகரத்தின் லவேயான் பகுதியில், பாத்திக் துணி தயாரிக்கும் பட்டறை ஒன்றில் முர்த்தினி வெகுகாலம் வேலை பார்த்தாள். துணியில் மெழுகால் பூவும் கொடியும் வரைகிற வேலை அல்ல அவளுடையது. வரைந்து சாயம் தோய்த்து முடித்த துணியைக் கொதிக்கும் அண்டாவில் முக்கி, மெழுகைக் கழற்றி எடுக்கிற வேலை. மற்றவர்கள் துணியைப் பார்ப்பார்கள். இவள் தண்ணீரின் மேல் ஆடை போல் படிகிற மெழுகைப் பார்ப்பாள். விரலால் வழித்து உருட்டுவாள், முகர்வாள். "போன துணியில சட்டுனு விட்டுச்சே, இதுல மட்டும் ஏன் இப்படி அடம் பிடிக்குது?" என்று பக்கத்தில் இருப்பவளைக் கேட்பாள். "மெழுகையே கேளு" என்று பதில் வரும்.

அண்டாத் தண்ணீரில் போடுகிற சோடா உப்பும் ஆவியும் பட்டுப் பட்டு முழங்கை வரை தோல் உரிய ஆரம்பித்தது. அண்டா பக்கமே போகக்கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பட்டறைக்கு எதிர்ச்சாரியில் பக்யோ என்பவன் கார் கழுவும் கடை வைத்திருந்தான். முர்த்தினி அங்கே போய்ச் சேர்ந்தாள். பக்யோ அவளைவிட வயதில் சின்னவன்தான். ஆனாலும் முதலாளி என்பதால், அண்ணன் என்று பொருள்படும் 'மாஸ்' என்ற சொல்லால் மரியாதையாகக் கூப்பிட்டாள். அவன் அவளை அக்கா என்றான்.

அங்கே அவளை உட்கார விடாமல் செய்தது ஒரே ஒரு விஷயம். பாலிஷ் மெழுகு காரின் பெயின்ட்டில் வழுக்கிக்கொண்டு போகிறது, துடைத்தால் வந்துவிடுகிறது. அதே மெழுகு கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பரிலோ பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கிலோ பட்டுவிட்டால், உப்புப் பூத்த மாதிரி வெள்ளையாகக் காய்ந்து, எத்தனை கழுவினாலும் போவதில்லை. ஏன்?

ஒரு நாள் காலை, பஸ் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிரயித்னோ தன் பழைய கறுப்புக் காரை மெல்ல உருட்டிக்கொண்டு வந்தார். பானெட் முழுக்க மாவு அப்பினாற்போல் வெள்ளை. பம்பரில் பட்டை பட்டையாக வெள்ளை.

"என்ன பாக், காருக்குச் சுண்ணாம்பு அடிச்சிட்டீங்களா?" என்றான் பக்யோ. வயதில் பெரிய ஆண்களை அந்த ஊரில் 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நீ வேற ஏம்பா! எம் பொண்டாட்டி நேத்துலேர்ந்து இதையேதான் கேக்குறா. மக கல்யாணத்துக்குப் பளபளன்னு இருக்கட்டுமேன்னு நானே மெழுகு போட்டேன். வெயில்ல நிறுத்திட்டு, சாப்பிட்டுச் செத்த நேரம் கண்ணை மூடினேன். எழுந்து வந்து பாத்தா கல்லாட்டம் காஞ்சு கெடக்கு. நாளைக்குக் காலையில பொண்ணும் மாப்பிள்ளையும் இதுலதான் வந்து இறங்கணும்."

ஷாம்பூ போட்டுக் கழுவினார்கள். அசையவில்லை. உலர்ந்த துணியால் தேய்த்துப் பார்த்ததில் முர்த்தினியின் தோள்தான் வலித்தது.

"தின்னர் போட்டுத் துடைச்சிடலாமா அக்கா?" என்றான் பக்யோ.

"போன தடவை ஹெட்லைட்டுக்குப் போட்டீங்களே மாஸ், அது கண்ணு பூத்துப் போச்சே, மறந்துட்டீங்களா?"

பக்யோ தின்னர் டப்பாவை எடுத்து உள்ளே வைத்தான்.

பிரயித்னோ தாம் பூசிய மெழுகு டப்பாவையும் கையோடு கொண்டுவந்திருந்தார். முர்த்தினி அதைத் திறந்து முகர்ந்தாள். லேசான மண்ணெண்ணெய் வாடை. பட்டறையில் சட்டியின் அடியில் இறுகிப்போன பழைய மெழுகின் மேல் புது மெழுகைப் போட்டால், பழையதும் இளகிக் கூடவே வந்துவிடும் என்பது அவளுக்கு நினைவு வந்தது. அங்கே இளக்கியது அடுப்புச் சூடு. இங்கே அடுப்பு இல்லை. ஆனால் இந்த வாடைக்குச் சொந்தமான ஏதோ ஒன்று அந்த வேலையைச் செய்யுமோ? பானெட்டின் ஓரத்தில் உள்ளங்கை அகலத்துக்குப் புது மெழுகை மெல்லிசாகப் பூசி, காயவிடாமல் உடனே துடைத்தாள். பழையது, புதியது இரண்டும் துணியோடு வந்துவிட்டன. கறுப்பு பெயின்ட்டில் அவள் முகம் தெரிந்தது.

"மெழுகை எடுக்க மெழுகா?" என்று பக்யோ குனிந்து பார்த்தான்.

"ஆமா மாஸ். கொஞ்சம் கொஞ்சமா பூசிப் பூசித் துடைக்கணும். மொத்தமா பூசினா மறுபடியும் காஞ்சிடும்."

பெயின்ட் மதியத்துக்குள் முடிந்தது. அந்தத் தைரியத்தில் பம்பரிலும் அதையே செய்தாள். அங்கே வெள்ளை இன்னும் கூடிவிட்டது. பிளாஸ்டிக் ஆரஞ்சுப் பழத் தோல் போலச் சொரசொரவென்று குழிகுழியாக இருந்தது. மெழுகு குழிக்குள் போய் உட்கார்ந்துகொண்டு துணிக்குச் சிக்க மறுத்தது. சுடுதண்ணீர் ஊற்றிப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள். ஈரமாக இருந்தவரை நன்றாகத் தெரிந்தது. காய்ந்ததும் வெள்ளை திரும்ப வந்தது.

சலித்துப்போய்ச் சாப்பிட உட்கார்ந்தாள். பக்கத்துக் கடை தர்சியின் பெச்சல்: வெந்த கீரை, முளைப்பயறு, மேலே கெட்டியான நிலக்கடலைச் சாந்து. காரின் பின்புறம் நிழலில் குந்தி ஒரு வாய் எடுத்தபோது, சாந்து ஒரு சொட்டு பம்பரில் விழுந்தது. பக்யோ பார்ப்பதற்குள் அவசரமாகத் துணியால் துடைத்தாள்.

துடைத்த இடம் வெற்றிலை அளவுக்குக் கன்னங்கரேல் என்று இருந்தது.

இலையை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தர்சியிடம் ஓடினாள்.

"அக்கா, உன் சாந்துல என்னென்ன போடுறே?"

"ஏண்டி, எதிர்க்கடை போடப் போறியா?"

"இல்லக்கா, பம்பர்ல தேய்க்க."

தர்சி கரண்டியை வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள். "மனுசங்க திங்கறதுக்கே பத்தல, காருக்கு ஊட்டணுமாம்!" என்றாளே தவிர, கிண்ணங்களில் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கொடுத்தாள். கொடுத்ததோடு நிற்காமல் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த இரண்டு பேரும் தட்டோடு வந்து நின்றார்கள்.

மிளகாயைத் தேய்த்தாள். எல்லாரும் தும்மினார்கள், வெள்ளை அப்படியே இருந்தது. புளிக்கும் ஒன்றும் ஆகவில்லை. வெல்லம் பிசுபிசுவென்று ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். வறுத்து அரைத்த கடலையை மட்டும் வைத்துத் தேய்த்ததும் வெள்ளை கழன்று வந்தது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, எங்கடை கடலையே தனி ரகம்னு" என்றாள் தர்சி.

"எப்பக்கா சொன்னே?"

"இப்பச் சொல்றேன், கேட்டுக்கோ."

முர்த்தினிக்கு அதோடு ஆறவில்லை. கடலையிலே எது? எண்ணெயா, அந்தக் கொரகொரப்பா? சமையல் எண்ணெயை மட்டும் தடவிப் பார்த்தாள். மெழுகு இளகியது, குழியை விட்டு வெளியே வரவில்லை. எண்ணெய் பிழிந்த பிண்ணாக்குத் தூளை மட்டும் வைத்துத் தேய்த்தாள். சுரண்டியது, இளக்கவில்லை. இரண்டும் ஒன்றாக வேண்டியிருந்தது. அதைக் கண்டதும் தனியாகச் சிரித்துக்கொண்டாள்.

"அக்கா, கல்யாணம் நாளைக்கு. ஆராய்ச்சிய அடுத்த வாரம் வெச்சுக்கலாமா?" என்று பக்யோ கும்பிட்டான்.

பிரஷ்ஷில் கடலையைத் தொட்டு பம்பர், கதவுப் பட்டை, கண்ணாடி ரப்பர் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்து, துடைத்து, எண்ணெய்ப் பிசுக்குப் போகச் சோப்புத் தண்ணீரில் கழுவினாள். மாலையில் பிரயித்னோ வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார்.

"கடலை வாசனை வருதே?"

"புது பாலிஷ், பாக்" என்றான் பக்யோ.

"கடலைதான், பாக்" என்றாள் முர்த்தினி.

அவள் கேலி செய்கிறாள் என்று நினைத்து அவர் சிரித்துக்கொண்டே போனார்.

கல்யாணம் முடிந்து சில நாள் கழித்து அதே கார் திரும்பி வந்தது. பிரயித்னோவின் முகம் சரியில்லை.

"மாப்பிள்ளை வீட்டு வாசல்ல காரை நிறுத்தியிருந்தோம்மா. பின்பக்கம் எறும்பு ஊர்வலமே போகுது. சம்பந்தி அம்மா பாத்துட்டாங்க. எம் பொண்டாட்டி இன்னும் என்கூடப் பேசல."

"எந்தப் பக்கம், பாக்? இடது மூலையா?" என்று முர்த்தினி கேட்டாள். குரலில் வருத்தத்தை முந்திக்கொண்டு ஆவல் வந்துவிட்டது.

"ஆமா, உனக்கு எப்படித் தெரியும்?"

"அங்கதான் வெல்லம் தேய்ச்சேன்." சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. முகம் சுண்டிப்போயிற்று. "மன்னிச்சுக்கங்க, பாக். மேல நல்லாக் கழுவினேன். இடுக்குக்குள்ள போயிருக்கும்னு தோணாமப் போச்சு."

பம்பரைக் கழற்றினார்கள். உள்மடிப்பில் கரைந்த வெல்லம் இறுகியிருந்தது. அதைச் சுற்றி எறும்புகள் மொய்த்தன. அவள் சுடுதண்ணீர் விட்டுக் கழுவும்போது பிரயித்னோ கோபத்தை மறந்து அருகில் குந்தினார். மிளகாய், புளி, வெல்லம், கடலை என்று நடந்ததை ஒன்றுவிடாமல் கேட்டார். "இதை வீட்டுல சொன்னா அவ பேசிடுவான்னு நினைக்கிறேன்" என்று எழுந்தார். பேசினாளா என்று தெரியவில்லை. ஆனால் அடுத்த மாதம் சம்பந்தியின் காரைக் கழுவ அவரே ஓட்டிவந்தார்.

அதற்குப் பிறகு மெழுகு காய்ந்துபோன கார் எது வந்தாலும் பக்யோ அவளிடம் விட்டுவிடுவான். தர்சி தினமும் காலையில் வெல்லம் சேர்க்குமுன் ஒரு கிண்ணம் கடலை விழுதை எடுத்து வைத்தாள். பாலிஷ் விற்க வந்த ஒருவர், ஆல்கஹால் தெளித்தாலே போதுமே என்றார். முர்த்தினி அதையும் செய்து பார்த்தாள். வழவழப்பான பட்டைக்கு அதுதான் சுலபம் என்று தெரிந்ததும் அதையே பிடித்துக்கொண்டாள். சொரசொரப்புக்கு மட்டும் கடலை.

மழைக்காலத்தின் தொடக்கத்தில் ஒரு வேன் வந்தது. அதன் பம்பரும் வெளுத்திருந்தது. கடலை தேய்த்ததும் கறுத்தது. ஒரு மணி நேரத்தில் மறுபடி வெளுத்தது. நகத்தால் சுரண்டினாள். மெழுகு இல்லை, ஒன்றுமே வரவில்லை.

"இது மேல ஒட்டினது இல்லண்ணே. வெயில்ல பிளாஸ்டிக்கே வெளுத்திருக்கு. என்னால எடுக்க முடியாது" என்று வேன்காரரிடம் சொன்னாள்.

"அப்ப எடுத்துட்டுப் போறேன்."

"சாயங்காலம் வரைக்கும் நிக்கட்டுமே" என்றாள் அவள். "எதுக்கு மேல்பக்கம் மட்டும் இப்படி ஆச்சுன்னு பாக்கணும்."

வேன்காரர் பக்யோவைப் பார்த்தார். பக்யோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, தர்சியின் கடையில் ஒரு காபி சொன்னான்.