போன பிள்ளைக்காக ஒரு ஜெபம்

ஜெபம் என்ற பெயரில் என் மருமகளை நான் சபை நடுவே குற்றவாளியாக்கினேன். முப்பது வருடம் கணிதம் கற்பித்தவன். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

மனைவி இறந்தபின் திருநெல்வேலியிலிருந்து ஸ்ரீபெரும்புதூரில் மகன் வீட்டுக்கு வந்தேன். மருமகள் ஜெனிட்டாவுக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தி லைனில் நின்று செய்யும் வேலை. போன வருடத்துக்கு முந்தின ஆடியில், மூன்றாம் மாதத்தில், அவளுக்குக் கரு கலைந்தது. அந்த வாரமே வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக் கூட்டத்தில் எழுந்து ஜெபக்குறிப்பு சொன்னேன். “நைட் ஷிஃப்டை விடச் சொன்னேன், கேட்கலை. பிள்ளை போயிட்டு. சீக்கிரம் இன்னொண்ணு கிடைக்க ஜெபிங்க.” இதற்கும் வேலைக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை மறைத்தேன்.

கூட்டத்துப் பெண்களில் பாதிப்பேர் அவள் போகும் கம்பெனி பஸ்ஸில்தான் போகிறார்கள். அவர்களில், கேன்டீனில் வேலை செய்யும் ரோசி மாதாமாதம் எல்லார் காதிலும் விழும்படி கேட்பாராம்.

“இன்னா பொண்ணு, நாங்க ஜெபம் பண்ணிகினே கீறோம். இந்த மாசமாவது நாள் தள்ளிச்சா?”

“தள்ளிச்சுன்னா பஸ்ஸுலயே மைக் வச்சுச் சொல்லுதேன்க்கா.”

பிறகு ஜெனிட்டா கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினாள். இனிப் பிள்ளையே வேண்டாம் என்று மகனிடம் சொல்லிவிட்டாள். எனக்குச் சோறு வைத்துவிட்டு உள்ளே போய்விடுவாள். நான் இன்னும் சத்தமாக ஜெபித்தேன். பதில் இல்லை.

ஒருநாள் ஜெபத்தின் நடுவில் ஒரு கேள்வி வந்தது. எல்லாம் அறிந்த ஆண்டவருக்கு நைட் ஷிஃப்ட் விவரத்தை நான் ஏன் சொன்னேன்? யார் கேட்பதற்காகச் சொன்னேன்? அந்தக் கேள்வி என்னை விடவில்லை. “ஆண்டவரே, பிள்ளையை இப்போது கேட்கவில்லை. அவளிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயைத் தாரும்” என்று அழுதேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு. அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

“தப்பு பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு.”

அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்கு என்ன வேணும்னு யாராவது கேட்டியளா மாமா?”

“என்னம்மா வேணும்?”

“போன பிள்ளைக்கு ஒருத்தரும் அழலியே. எல்லாரும் அடுத்ததுக்குல்லா அவசரப்படுதிய!”

அவள் சம்மதத்தோடு அடுத்த வெள்ளி கூட்டத்தில் நின்றேன். நான் மறைத்ததைச் சொன்னேன். இனி யாரும் அவளிடம் எதுவும் கேட்க வேண்டாம் என்றேன். போன பிள்ளைக்காக ஆண்டவருக்கு நன்றி சொல்லி ஜெபித்தேன். அந்தப் பிள்ளைக்காக அழுதேன். பின்னால் ரோசி விம்மினார்.

“எனக்கும் ஒண்ணு போச்சுய்யா. பேருகூட வெச்சிருந்தேன். இத்தினி வருசமா வூட்டுல யாரும் அத்தப் பத்திப் பேசுனதே இல்ல.”

மறுநாள் பஸ்ஸில் ரோசி தன் பக்கத்தில் ஜெனிட்டாவுக்கு இடம் பிடித்து வைத்திருந்தாராம். ஒன்றுமே கேட்கவில்லையாம்.

வைகாசியில் ஒரு காலை, ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது ஜெனிட்டா என் அருகில் வந்தாள். “மாமா, எங்களுக்கே வேணும்னு தோணிச்சு. நாப்பது நாளு ஆச்சு. பயமா இருக்கு. கூட்டத்துல சொல்லிராதிய.” சொல்லவில்லை. ஐந்தாம் மாதம் அவளே ரோசியிடம் சொன்னாள். தை மாதம் பேத்தி பிறந்தாள்.

என் எந்த ஜெபத்துக்கு இது பதில்? இன்னும் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது யாருக்காகவாவது ஜெபிக்கும் முன் அவர்கள் பக்கத்தில் போய் உட்காருகிறேன். பிள்ளைக்காகக் காத்துச் சோர்ந்திருக்கிறவர்களே, அவர் உங்களோடு அழுகிறவர். அவரை நம்புங்கள்.

சபைப் பத்திரிகைக்கு அனுப்ப இதை எழுதி, முதலில் ஜெனிட்டாவிடம் கொடுத்தேன். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு கடைசி வரி வரை படித்தாள்.

“அனுப்புங்க மாமா” என்றாள்.