பெரட்டுக்கு ஒரு ரவுண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க வரும் ஆண்களில் முக்கால்வாசிப் பேர் ஒரு குத்துச்சண்டையைக்கூட முழுதாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அறுபது வருடத்துக்கு முந்தைய ஹெவிவெயிட் சாம்பியனும் இன்றைய சாம்பியனும் மோதினால் யார் விழுவார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கொரு பதில் வைத்திருப்பார்கள். அந்தப் பாவம் என் மச்சானையும் என்னையும்தான் சேரும்.

மச்சான் என்றால் அக்காவின் வீட்டுக்காரர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர். போனில் பழைய கறுப்பு வெள்ளைச் சண்டைகளைத் தேடித் தேடிப் பார்ப்பார். அவருடைய ஆள் ஒல்லி, காலில் சக்கரம் கட்டியவன். என் ஆள் இந்தக் காலத்து ராட்சதன், ஆறரை அடி, எங்கள் லயத்து வீட்டு வாசலில் குனியாமல் நுழைய முடியாது. மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கு வந்து யார் எந்த மலைக்கு என்று பிரித்து அனுப்பும்வரை நிற்கிறோமே, அந்தக் கால்மணி நேரத்தில் ஒரு ரவுண்டு நடக்கும். பெரட்டுக்கு ஒரு ரவுண்டு, மொத்தம் பன்னிரண்டு. ஒருவர் தன் ஆள் என்ன செய்கிறான் என்று சொல்ல வேண்டும், மற்றவர் உடனே பதில் அடி சொல்ல வேண்டும். பதில் இல்லாதவர் ரவுண்டை இழப்பார். கங்காணி சொல்வதுதான் தீர்ப்பு.

“பழைய ஆளுங்க பதினஞ்சு ரவுண்டு நின்னவங்க மாப்ள. ஒன் ஆளுக பன்னண்டுக்கே நாக்கத் தள்ளுவானுக” என்பார் மச்சான்.

“நிறுத்துப் பாத்தா ஒங்க ஆளு எங்க ஆளுல அரை ஆளுதாங்க மச்சான்” என்பேன் நான்.

பதினோரு வருடமாக இப்படி. எத்தனையோ சாம்பியன்களை மோதவிட்டிருக்கிறோம். ஒரு ரவுண்டைக்கூட நான் அவருக்குச் சும்மா விட்டதில்லை. நான் பயந்தாங்கொள்ளி, வாய் மட்டும்தான் நீளம். அந்த வாயை வைத்துத்தான் அத்தனை ரவுண்டும் ஆடினேன்.

போன வருடம் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் இடத்தில் மச்சானுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. நாலு செடி வெட்டுவார், கத்தியை ஊன்றி நிற்பார். பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிப் போனேன். கொழும்புக் கடையில் எட்டு வருடம் வேலை செய்தவன் என்பதால் எனக்குச் சிங்களம் சரளம், அவருக்கு பஸ்ஸில் டிக்கெட் வாங்குகிற அளவுதான்.

டாக்டர் நல்ல மனிதர். படம் போட்டுக் காட்டிப் பத்து நிமிடம் சிங்களத்தில் விளக்கினார். இருதயத்தில் ஒரு வால்வு கெட்டுவிட்டது, மாற்றாவிட்டால் அதிக நாள் தாங்காது. மாற்றலாம், ஆனால் இருதயம் ரொம்பவும் பலவீனமாக இருக்கிறது. ஆபரேஷன் மேசையிலேயே நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு, இதை அவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள், யோசித்து முடிவெடுக்கட்டும் என்றார்.

மச்சானின் அண்ணன் ஓர் ஆபரேஷனுக்குப் போய்த் திரும்பாதவர். ‘செத்தாலும் அந்த மேசையில படுக்க மாட்டேன்’ என்று மச்சான் நூறு தடவை சொல்லியிருக்கிறார். உண்மையைச் சொன்னால் அப்படியே எழுந்து பஸ் ஏறிவிடுவார். அக்காவை நினைத்தேன்.

“சின்ன வால்வு ஒண்ணு மாத்தணுமாங்க. பயப்பட ஒண்ணுமில்லன்னு சொல்றாரு” என்றேன்.

“அம்புட்டு நேரம் பேசுனாரு, இம்புட்டுத்தானா?”

“சிங்களத்துல அப்பிடித்தாங்க, நீட்டித்தான் சொல்லுவாங்க.”

அவர் டாக்டரைப் பார்த்துத் தலையாட்டினார். புரிந்துகொண்டார் என்று நினைத்து டாக்டரும் தலையாட்டினார். பொய் சொன்ன நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பதினாறு நாளில் வந்து படுக்கச் சொன்னார்கள். மறுநாள் பெரட்டிலேயே மச்சான் புதுச் சண்டையைத் தொடங்கிவிட்டார், அவருடைய ஒல்லி ஆளும் என் ராட்சதனும். அவருக்கு இப்போது லேசான வேலை, மலை ஓரத்தில் உட்கார்ந்து எங்கள் கவ்வாத்துக் கத்திகளைத் தீட்டித் தருவது. எனக்குத்தான் சோறு இறங்கவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. அவர் இருமினால் பயம். வாய்விட்டுச் சிரித்தால், ஐயோ மூச்சு வாங்கப் போகிறதே என்று அதற்கும் பயம். நான் சொன்ன ஒரு வார்த்தையை நம்பி ஒரு மனிதர் மேசையில் படுக்கப் போகிறார், திரும்பி வராவிட்டால் அது என் கணக்கில்தான் என்று ஒவ்வொரு காலையும் நினைத்தேன்.

படுக்கப் போவதற்கு முதல் நாள் பதினோராவது ரவுண்டு. மழைத் தூறலில் எல்லோரும் பெரட்டுக் களத்துக் கூரைக்குக் கீழே ஒண்டி நின்றோம். இருவரும் ஐந்துக்கு ஐந்து.

“என் ஆளு ஒன் ஆளோட எடது கைக்கு வெளிய சுத்தி வாரான். மூஞ்சிக்கு மூணு குத்து. அவன் திரும்புறதுக்குள்ள வலது கை. இப்ப என்னா பண்ணுவ?” என்றார் மச்சான்.

அந்தச் சுற்றுக்கு என் பதில் எல்லோருக்கும் மனப்பாடம். ராட்சதன் திரும்பவே தேவையில்லை. கழுத்தில் கையைப் போட்டு மொத்த எடையையும் அவன்மேல் சாய்ப்பான். ஒல்லி ஆளுக்கு மூச்சு முட்டும், நெஞ்சு அடைக்கும், கால் மடியும். வாயைத் திறந்தேன். எதிரே மச்சானின் நெஞ்சு ஸ்வெட்டருக்குள் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

“பதில் இல்லீங்க மச்சான்” என்றேன்.

ஆட்கள் கை தட்டினார்கள். கங்காணி ரவுண்டை அவருக்குக் கொடுத்தார். மச்சான் மட்டும் சிரிக்கவில்லை.

பத்து மணி போல என் கத்தி மழுங்கியது. மலை ஓரத்துக்குப் போய்க் கொடுத்தேன். தீட்டினார், தீட்டி முடித்தும் திருப்பித் தரவில்லை.

“பதினோரு வருசத்துல நீ எனக்கு ஒரு ரவுண்டு சும்மா குடுத்ததில்ல. அந்தப் பதிலு சின்னப் புள்ளைக்கும் தெரியும். டாக்டரு என்னா சொன்னாரு?”

“அதான் அன்னைக்கே சொன்னேன்ல…”

“மாப்ள. அவரு பேசுன பத்து நிமிசத்தயும் சொல்லு.”

சொன்னேன். ஒன்றும் விடாமல், படம் போட்டதிலிருந்து சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன், வெட்கமாக இருந்தது. அவர் கத்தியின் விளிம்பைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் பள்ளத்தாக்குப் பக்கம் திரும்பிக்கொண்டார். போச்சு, இனி வரமாட்டார் என்று நினைத்தேன்.

“அந்த ரவுண்டு ஒன்னோடது. கங்காணிகிட்ட நானே சொல்லிர்றேன்” என்றார். கத்தியை நீட்டினார். “ஒங்கக்காகிட்டயும் நானே சொல்லிக்கிறேன். நீ ஒளறிக் கொட்டாத. காலையில மொத பஸ்ஸு.”

“வாரீங்களா?”

“படுக்குறவன் நானு. என்னா வெலைக்குப் படுக்குறேன்னு எனக்குத் தெரிய வேணாமா? இப்பத் தெரிஞ்சுபோச்சுல்ல.”

மறுநாள் பஸ்ஸில் அவர் ஜன்னலோரம், நடுவில் அக்கா, இந்த ஓரத்தில் நான். ஹட்டன் வரும்வரை அக்கா துணிப்பையை மடியில் இறுக்கிப் பிடித்திருந்தாள். ஆபரேஷன் அன்று ஏழு மணி நேரம் அந்த நீளப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கதவு திறக்கும்போதெல்லாம் அக்கா என் முழங்கையைப் பிடித்தாள். நகம் பதிந்த இடம் ஒரு வாரம் வலித்தது.

உயிரோடு வந்தார். ஆனால் வந்ததை அவரே நம்பவில்லை. நாலு மாதம் லயத்தில் இருந்தபடி, படி ஏறினால் நாடியைப் பிடித்துப் பார்ப்பார், எங்கள் முகங்களை உற்று உற்றுப் பார்ப்பார். கிளினிக் போய் வந்த அன்றெல்லாம், “எதையாச்சும் மறைக்கிறியா?” என்று என்னைக் கேட்பார். இல்லை என்று சத்தியம் செய்தாலும் அந்தக் கண்ணில் சந்தேகம் போகவில்லை. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவன் நான்தானே.

ஐந்தாம் மாதம் ஒரு காலை குடையை ஊன்றிக்கொண்டு பெரட்டுக்கு வந்துவிட்டார். வேலைக்கு இல்லை, சும்மாதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

“பன்னண்டாவது. என் ஆளு எடது கைக்கு வெளிய சுத்தி வாரான். மூணு குத்து. வலது கை. சொல்லு.”

கங்காணி என்னைப் பார்த்தார்.

“எங்க ஆளு கழுத்துல கையப் போடுறான். மொத்த எடையயும் சாய்க்கிறான். ஒங்க ஆளுக்கு…” என்று இழுத்து அவர் நெஞ்சைப் பார்த்தேன்.

“சொல்றா.”

“மூச்சு முட்டுதுங்க. நெஞ்சு அடைக்குது. காலு மடியுது. விழுந்துட்டாங்க மச்சான், எந்திரிக்கல.”

கங்காணி மெதுவாகப் பத்து எண்ணினார். மச்சான் பதில் தேடவே இல்லை. தைத்த நெஞ்சின்மேல் கையை வைத்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரு பெரிய மூச்சை இழுத்து விட்டார்.

“இப்பத்தான் மாப்ள நம்புறேன், எனக்கு ஒண்ணுமில்லன்னு” என்றார்.