அப்பாவை வாசலில் நிறுத்தச் சொன்ன கூட்டம்

காஞ்சிபுரத்தில் நான் பி.ஏ. வரலாறு படித்த கல்லூரியின் கூட்ட அரங்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வாய் கசக்கிறது. அறுபதுகளின் கடைசி அது. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, சாயங்காலம் ஆறு மணிக்கு, பல்கலைக்கழகத்தின் ஆதரவில் அங்கே பொதுச் சொற்பொழிவு நடக்கும். வாசலில் ஒரு கரும்பலகை. அதில் தலைப்பு, பேச்சாளர் பெயர், அவருடைய பட்டங்கள், அடியில் பெரிய எழுத்தில் 'அனைவரும் வருக'. எழுதுவது நான். வரலாற்றுக் கழகத்துக்கு அந்த வருஷம் நான்தான் செயலாளர். பேச்சாளரை அழைத்து வருவது, மாலை வாங்குவது, கடைசியில் நன்றியுரை சொல்வது எல்லாம் என் தலையில்தான்.

எங்கள் ஊருக்குக் கூரம் தாண்டி உள்ளே போகவேண்டும். நெல்லும் வேர்க்கடலையும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். நாங்கள் சமணர்கள். வடக்கேயிருந்து வியாபாரத்துக்கு வந்தவர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்த காலத்திலிருந்து இங்கேயே ஏர் ஓட்டியவர்கள், தமிழைத் தவிர வேறு பாஷை தெரியாதவர்கள். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் எங்களுக்கும் வெளியே தெரிகிற வித்தியாசம் ஒன்றுதான். பொழுது சாய்ந்தபின் நாங்கள் சாப்பிடமாட்டோம். சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக்காரர் வீட்டு மாடியில் அறை எடுத்திருந்தேன். சொற்பொழிவு நாட்களில் ஐந்தரைக்கே நான் அவசர அவசரமாகச் சாப்பிடுவதைப் பார்த்து அறைத்தோழன் சிரிப்பான். வயிற்றுக்கோளாறு என்று சொல்லிவைத்திருந்தேன். அவ்வளவு கோழையாகத்தான் இருந்தேன்.

அப்பா அப்படி இல்லை. சண்டைக்காரர். கால்வாய்த் தண்ணீர் தகராறில் சொந்தத் தம்பியோடு பத்து வருஷம் பேசாமல் இருந்தவர். படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் எங்கே கூட்டம் நடந்தாலும் போய் உட்கார்ந்து கேட்பார். நான் செயலாளர் ஆனதும், "உன் காலேஜில எவனாவது நம்ம ஊரப் பத்தி பேசினா சொல்லு, வரேன்" என்றார். நானும் சொன்னேன். என் போதாத காலம்.

சென்னையிலிருந்து வந்த பேராசிரியர் 'காஞ்சியும் சமயங்களும்' என்ற தலைப்பில் பேசுவதாக இருந்தது. காலையிலேயே வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, தங்க விளிம்புக் கண்ணாடி, எதையும் பாதிக் கேள்வியிலேயே புரிந்துகொண்டுவிட்ட முகம். திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலின் கூரை ஓவியங்களைப் பார்க்கவேண்டும் என்றார். கல்லூரி காரில் அழைத்துப்போனேன். பூஜை செய்கிற உபாத்தியாயர் கதவைத் திறந்து, ஓவியத்தில் எந்தத் தீர்த்தங்கரர் கதை எங்கே தொடங்குகிறது என்று காட்ட ஆரம்பித்தார். பேராசிரியர் கையைத் தூக்கி நிறுத்தினார். "எனக்குத் தெரியும். நீங்க சாவியை மட்டும் பாருங்க."

எனக்குச் சுருக்கென்றது. திரும்பி வரும்போது காரில் சொன்னேன்: "சார், நானும் சமணன்தான்."

"சேட்டு வீட்டுப் பையனா? தமிழ் நல்லா பேசறியே."

"இல்ல சார். இந்தப் பக்கத்துக் கிராமந்தான். எங்க தாத்தா, அவங்க தாத்தா எல்லாரும் இங்கதான். சுத்துப்பட்டுல நெறைய குடும்பம் இருக்குது சார்."

அவர் ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டே, "அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாதுப்பா" என்றார். அவ்வளவுதான். என் வீட்டைப் பற்றி, என் அம்மாவைப் பற்றி, அன்று காலையில் நான் குளித்துவிட்டுச் சொன்ன நமஸ்கார மந்திரத்தைப் பற்றி, ஒரு மனிதர் காரில் சாய்ந்துகொண்டு 'கிடையாது' என்று சொன்னார். 

சாயங்காலம் அரங்கம் நிறைந்துவிட்டது. முன்வரிசையில் எங்கள் துறைத்தலைவர், ஊர்ப் பெரியவர்கள், பட்டுக்கடை முதலாளிகள். அப்பா மண்டியில் வேர்க்கடலையைப் போட்டுவிட்டு, கட்டிவந்த சோற்றைப் பொழுதோடு சாப்பிட்டுவிட்டு, மூன்றாவது வரிசையில் வந்து உட்கார்ந்திருந்தார். துவைத்த வேட்டி, தோளில் துண்டு.

பேராசிரியர் நன்றாகப் பேசினார் என்பதையும் சொல்லிவிடவேண்டும். குரல் இருந்தது, நகைச்சுவை இருந்தது. முக்கால் மணி நேரம் கழித்துச் சமணத்துக்கு வந்தார். "இந்த மண்ணில் ஒரு காலத்தில் சமணர்கள் இருந்தார்கள். கோயில் கட்டினார்கள், ஏடு எழுதினார்கள். பிறகு அடியோடு அழிந்துபோனார்கள். இன்று பெயர் சொல்லக்கூட ஒருவர் இல்லை. கல் மிச்சம், ஆள் இல்லை!" கைதட்டல் கிளம்பியது. காலையில் நான் சொல்லியிருந்தேன். தெரிந்தே சொன்னார். அதைத்தான் என்னால் இன்றுவரை விழுங்க முடியவில்லை.

அப்பா எழுந்துவிட்டார்.

"ஐயா, நான் இருக்கறேனே."

கூட்டம் திரும்பிப் பார்த்தது. பேராசிரியர் புன்னகை செய்தார். "பெரியவரே, உட்காருங்க. நான் சொல்றது வரலாறு."

"நான் சொல்றது என் வூடுங்க. இதோ உக்காந்துக்கினு இருக்கறேன், அழிஞ்சி பூட்டேன்றீங்களே."

சிரிப்பு வெடித்தது. அப்பாவோடு சேர்ந்து சிரித்த சிரிப்பு இல்லை அது. பின்வரிசையிலிருந்து ஒருவன், "பேயி, பேயி வந்துட்டுது!" என்று கத்தினான். துறைத்தலைவர் எழுந்து, கேள்வி இருந்தால் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம் என்று அறிவித்தார். அப்பா விடவில்லை. பக்கத்தில் இருந்தவரிடம் பென்சில் வாங்கி, கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தார். 'எங்க ஊருக்கு நாளைக்கு வாங்க, ஆள் காட்டறேன்' என்று எழுதியதாகப் பிறகு சொன்னார். பேராசிரியர் அதைப் படித்தார், மடித்துச் சட்டைப்பையில் போட்டார், அடுத்த சீட்டுக்குப் போனார்.

பிறகு நன்றியுரை.

மேடையேறினேன். அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைத் தவிர என் வாயில் எதுவும் வரவில்லை. "கடல்மடை திறந்தாற்போல் உரையாற்றிய பேரறிஞர் அவர்களுக்கு" என்று தொடங்கி, மைக்செட்டுக்காரர் வரைக்கும் நன்றி சொல்லி இறங்கினேன். ஒரு வார்த்தை மாற்றவில்லை.

பஸ் நிற்கும் இடம்வரை அப்பாவோடு நடந்தேன். அவர் பஸ் ஏறும்போது, "நல்லா பேசின" என்றார். நான்கு அறை அறைந்திருக்கலாம்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதவேண்டிய தேவை இருந்திருக்காது. அடுத்த மாதமும் அப்பா வந்தார். என்னைப் பார்க்க இல்லை, கூட்டத்துக்கு. அதற்கடுத்த மாதமும் வந்தார். யார் பேசினாலும் முதல் கை அப்பாவுடையதுதான். கோயில் கட்டடக்கலை பற்றிப் பேசியவரிடம், ஓவியக் கோயிலை ஏன் விட்டீர்கள் என்று கேட்டார். ஏரிப் பாசனம் பற்றிப் பேசியவர் மதகு திறக்கிற முறையைத் தப்பாகச் சொல்ல, எழுந்து திருத்தினார். அன்று வந்திருந்த விவசாயிகள் கை தட்டினார்கள். பேச்சாளருக்கு முகம் செத்துப்போனது. துறைத்தலைவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"உங்க அப்பாவுக்கு வேற வேலையே இல்லையா?"

"நான் சொன்னா கேக்கமாட்டார் சார்."

"கேட்க வைக்கணும். இது பல்கலைக்கழகச் சொற்பொழிவு. களத்துமேடு இல்லை."

வகுப்பில் எனக்குப் 'பேய்மகன்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அப்பா மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஊருக்குப் போனபோது, "உன்னால என் மானம் போவுது" என்று கத்தினேன். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவர் நிமிராமல், "எனக்கு எப்பவோ பூட்ச்சி" என்றார். என் நன்றியுரையைத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். அம்மா குறுக்கே வந்து, "ரெண்டு பேரும் வாய மூடுங்க, பொழுது எறங்குது, சாப்பிடுங்க" என்றாள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

வருஷக் கடைசியில் கலை விழா. தொடங்கிவைத்துப் பேச அதே பேராசிரியரைக் கூப்பிட்டிருந்தார்கள். பேச்சு முடிந்ததும் மாணவிகளின் நாட்டிய நாடகம், அதன்பின் பாட்டுக் கச்சேரி. அன்று மத்தியானம் துறைத்தலைவர் என்னிடம் ஒரு சாக்பீஸைக் கொடுத்தார். "பலகையில 'அனைவரும் வருக'வை அழிச்சிடு. 'மாணவர்களுக்கு மட்டும்'னு எழுது." எழுதினேன். "வாசல்ல நீயே நில்லு. உங்க அப்பா வந்தா நீயே திருப்பி அனுப்பணும். உள்ளே விட்டியோ, அப்புறம் நடக்கறதுக்கு நான் பொறுப்பில்லை."

எத்தனையோ பேர் இருந்தார்கள் அந்த வேலைக்கு. என்னைத்தான் நிறுத்தினார். அதற்காகவே அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.

அப்பா வந்தார். பலகையைப் படித்தார். நிதானமாக, எழுத்துக்கூட்டி. துறைத்தலைவர் படியில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது உன் கையெழுத்து."

"ஆமாம்பா."

"யார் சொல்லி எழுதின?"

"ஹெட்டு சொன்னார். உன்ன உள்ள வுடக்கூடாதாம்."

"அவுரு சொன்னது இருக்கட்டும். நீ இன்னா சொல்ற?"

 உள்ளே விட்டால் செயலாளர் பதவி போகும், சான்றிதழ் போகும் என்றெல்லாம் அந்த ஒரு நிமிஷத்துக்குள் கணக்குப் போட்டேன். பிறகு நான் செய்தது வீரத்தால் இல்லை. படியில் நின்ற மனிதர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் ஏதோ எரிந்தது.

"நீ உள்ள போப்பா" என்றேன். நானும் கூடவே போனேன்.

அப்பா முதல் வரிசையில், யாருக்கோ ஒதுக்கியிருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் பக்கத்தில். பேராசிரியர் குத்துவிளக்கு ஏற்றிவிட்டு மைக் முன்னால் வந்தார், அப்பாவைப் பார்த்தார், நிறுத்தினார்.

"அந்த நபர் இருக்கும்வரை நான் பேசமாட்டேன்."

"நான் வாயே தொறக்கலியே, ஐயா" என்றார் அப்பா.

பேராசிரியர் மேடையிலிருந்து இறங்கி நேராகக் காருக்குப் போய்விட்டார். துறைத்தலைவர் பின்னால் ஓடினார். திரும்பி வந்து, மைக்கைப் பிடித்து, கலை விழா ரத்து என்று அறிவித்தார். கூச்சல் கிளம்பியது. நாற்காலிகள் உருண்டன. "வெளிய போ, வெளிய போ" என்று எங்களைச் சுற்றிக் கத்தினார்கள். ஒருவன் அப்பாவின் துண்டைப் பிடித்து இழுத்தான். நான் அவன் கையைத் தட்டிவிட்டேன். அவன் என் சட்டையைக் கிழித்தான். எப்படியோ வெளியே வந்தோம்.

வாசலில் என் வகுப்புப் பெண் ஒருத்தி வழிமறித்தாள். பிள்ளையார்பாளையத்து நெசவாளி மகள். நாட்டிய நாடகத்துக்காக ஒரு மாதம் ஒத்திகை பார்த்தவள். சலங்கை கட்டிய கால், கரைந்து வழிகிற மை. "உங்க சண்டைக்கு எங்க ஆட்டந்தான் கெடச்சுதா?" என்றாள் அப்பாவிடம். "எங்க வூட்ல காலேஜுக்கு அனுப்பறதே பெரிசு. ஆட வுட்டதே இந்த ஒரு தடவதான்."

  "தப்புதான்மா" என்றார் அப்பா. அவர் தப்பை ஒப்புக்கொண்டதை அன்றுதான் முதல்முறை பார்த்தேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். அதன்பின் என்னோடு அவள் பேசவே இல்லை. அவள் பக்கம் நியாயம் இருந்தது. ஆனால் விழாவை ரத்து செய்தது அப்பா இல்லை. அதைக் கேட்கிற பொறுமை அன்று யாருக்கும் இல்லை.

மறுநாள் என் சைக்கிள் கல்லூரிக் கிணற்றில் கிடந்தது. செயலாளர் பதவி முந்தின ராத்திரியே போய்விட்டது. மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். எழுதமாட்டேன் என்றேன். படிப்பு முடிந்தபோது நன்னடத்தைச் சான்றிதழில் எல்லோருக்கும் 'மிக நன்று', எனக்கு மட்டும் 'பரவாயில்லை'. சென்னையில் எம்.ஏ. சேர ஆசை இருந்தது. அங்கே அந்தப் பேராசிரியர்தான் துறைக்கு மேல் உட்கார்ந்திருந்தார். விண்ணப்பமே போடவில்லை. ஆசிரியர் பயிற்சி முடித்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஆனேன்.

சில வருஷம் கழித்து அவருடைய சொற்பொழிவுகள் புத்தகமாக வந்தன. வாங்கிப் படித்தேன். அதே வரி, அச்சில். பதிவுத் தபாலில் கடிதம் எழுதினேன். எங்கள் ஊர்ப் பெயர், சுற்றியுள்ள ஊர்களின் பெயர், குடும்பங்கள், வழி, எந்த பஸ் என்பது வரைக்கும் எழுதினேன். பதில் வரவில்லை. புத்தகம் இரண்டாம் பதிப்பு வந்தபோது அந்தப் பக்கத்தைத்தான் முதலில் புரட்டினேன். 'அடியோடு அழிந்துபோனார்கள்' என்பதை எடுத்துவிட்டு, 'ஏறக்குறைய அழிந்துபோனார்கள்' என்று போட்டிருந்தார்.

ஊருக்குப் போனபோது அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். களத்தில் கடலை காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏறக்குறையன்னா?"

"முக்கால்வாசி."

"அந்த ஆளு இன்னும் இருக்கறானா?"

"இருக்கறார்."

"இருக்கட்டும்" என்றார். காலால் கடலையைத் தள்ளிப் பரப்பினார்.  எனக்கு மட்டும் அந்தப் பக்கத்தைக் கிழித்து அடுப்பில் போடவேண்டும்போல் இருந்தது. போட்டேன்.