ஆயுத பூஜைக்கு மினுக்கிய போல்ட்டுகள்

இன்னைக்கு நெனச்சாலும் எனக்குப் பத்திக்கிட்டு வருது. ஒரு மனுசன் கையை நம்பி பதினஞ்சு வருசமா தறி ஷெட் ஓடியிருக்கு. நாலு போல்ட் தலை தெறிச்சதும், "வே, உமக்குக் கையா உலக்கையா? நாளையிலிருந்து வர வேண்டாம்"னு சொல்லி அனுப்பிட்டாரு எங்க அத்தான்.

அத்தான்னா என் வீட்டுக்காரருக்கு அண்ணன். சங்கரன்கோவில்ல குடும்பத்துக்கு இருக்கது அந்தத் தறி ஷெட் ஒண்ணுதான், அதுக்கு மொதலாளி அவரு. அவரு வேலையை விட்டு நிறுத்தினது வாசுதேவநல்லூர்லருந்து பஸ்ல வந்து போற ஃபிட்டர் அண்ணாச்சிய. நான் பள்ளிக்கூடத்துல பிசிக்ஸ் டீச்சர்.

ஆயுத பூஜைக்கு மிசினைக் கழத்தித் துடைச்சுப் பொட்டு வச்சுக் கும்புடுறது எல்லா ஷெட்லயும் உள்ள வழக்கந்தான். எப்பவும் மண்ணெண்ணெயும் பழைய வேட்டித் துணியும் போதும். இந்த வருசம் பாவு, அதான் தறியில நீளவாக்குல ஓடுற நூலு, அதைச் சுத்துற மிசின் புதுசு. அதுக்கு மாலை போட்டு போட்டோ எடுக்கணும்னு அத்தானுக்கு ஆசை. உருளையைப் பிடிச்சிருக்க நாலு போல்ட்டும் கறுப்பா இருக்குன்னு, பாத்ரூம் கழுவுற ஆசிட்டை வாளியில ஊத்திக் காலையில உள்ள போட்டாச்சு. சாயங்காலம் எடுத்துத் தேய்ச்சா நல்லா வெளுத்து மினுங்குச்சு. அண்ணாச்சி எப்பவும் போல முறுக்கி மாட்டினாரு, சந்தனம் குங்குமம் வச்சோம். விஜயதசமி அன்னைக்கு மிசின் ஓடத்தான் செஞ்சுது. மறுநாள் மத்தியானம் ஒரு போல்ட் தலை தெறிச்சது, அப்புறம் அடுத்தடுத்து மத்ததும். உருளை சாஞ்சு பாவு பூராவும் சிக்கு. ஆள் மேல விழாம கோமதியம்மன் காப்பாத்துனா.

"ஓவரா முறுக்கிட்டான்"னாரு அத்தான். ஒடைஞ்ச போல்ட்டைக் கையில எடுத்துப் பாத்தேன். ஓவரா முறுக்கினா கழுத்து இழுபட்டு மெலிஞ்சுதான் அறும். இது பிஸ்கட் மாதிரி நறுக்குன்னு ஒடிஞ்சிருக்கு. எனக்குப் புரிஞ்சுபோச்சு.

எம்.எஸ்சி. படிக்கையில என் புராஜெக்ட்டே இதுதான். பல்லேடியம்னு ஒரு உலோகம். அதுல மெல்லிசா ஒரு தகடு. ஒரு பக்கம் ஹைட்ரஜனை ஏத்திவிட்டு, மறுபக்கம் எப்ப வந்து சேருதுன்னு பாக்கணும். அடுத்து டியூட்டீரியத்தை ஏத்தணும். அதுவும் ஹைட்ரஜன்தான், எடை மட்டும் ரெண்டு மடங்கு. கனமானது பின்தங்கும்னு நெனச்சேன். அதுதான் முந்தி வந்துச்சு. நான் எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்னு முதல்லருந்து மூணு தடவை செஞ்சு பாத்தேன். மூணு தடவையும் அப்படித்தான். அந்த உலோகத்தோட குணம் அது, முன்னமே கண்டு எழுதியும் வச்சிருக்காங்கன்னு பெறகு தெரிஞ்சுது. ஒரு தகடு விசயத்துக்கே மூணு தடவை பாத்தேன் நான். ஒரு மனுசன் சோத்துல கை வைக்கதுக்கு முன்னால இவரு ஒரு தடவை யோசிச்சுப் பாத்தாரா?

அத்தான்கிட்ட பொறுமையாத்தான் சொன்னேன். ஆசிட் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் வரும். நொரையாப் பொங்குறது அதுதான். அதுல கொஞ்சம் வெளிய போகாம இரும்புக்குள்ள எறங்கிரும். இந்த மாதிரி கடினமான போல்ட்டுக்கு அது ஆகாது. முறுக்கி மாட்டுனதும், எங்க இழுவை அதிகமோ அங்கன போய்ச் சேந்து, ஒண்ணு ரெண்டு நாள்ல ஒடிச்சுவிட்டுரும். ஆசிட்லருந்து எடுத்த கையோட சில மணி நேரம் சூட்டுல வச்சிருந்தாலாவது வெளியேறியிருக்கும்.

"ஏம்மா, இரும்புக்குள்ள காத்து போகும்னா சைக்கிள் பம்பு எப்படி வேல செய்யுது?"ன்னு கேட்டுட்டு, சுத்தி நின்னவங்களைப் பாத்துச் சிரிச்சாரு. அவங்களும் சிரிச்சாங்க. சம்பளம் குடுக்கவரு சிரிச்சா சிரிக்கத்தானே வேணும்.

எனக்கு வந்த கோவத்துல கடைக்குப் போய் அதே போல்ட் நாலு வாங்கியாந்தேன். ரெண்டை அதே மாதிரி ஆசிட்ல ஊறப்போட்டேன், ரெண்டை அப்படியே வச்சேன். கனமான இரும்புப் பட்டையில துளை போட்டு, "நீங்களே முறுக்குங்க அத்தான், ஒங்க கை உலக்கையில்லல்லா"ன்னேன். மொறைச்சுக்கிட்டே நாலையும் ஒண்ணு போல முறுக்கினாரு. ரெண்டாம் நாள் ஊறப்போட்டதுல ஒண்ணு தலை தெறிச்சு ஷட்டர்ல போய் அடிச்சுது. மூணாம் நாள் இன்னொண்ணு. மத்த ரெண்டும் அசையல.

அத்தான் அந்தத் தலையை எடுத்து உருட்டிப் பாத்தாரு. தப்புன்னு ஒரு வார்த்தை வரணுமே, வரல. "சரி சரி, அவனை வரச் சொல்லு"ன்னாரு. போன் பண்ணக்கூட அவருக்கு மனசு வரல.

நானே வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறினேன். மோட்டார் பம்பு ரிப்பேர் பாக்கற ஒரு கடையில தரையில உக்காந்து வேல செஞ்சுக்கிட்டிருந்தாரு அண்ணாச்சி. ஒங்க கை மேல தப்பே இல்லைன்னு நிரூபிச்சாச்சுன்னு மூச்சு விடாம எல்லாத்தையும் சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அவரு முழுசும் கேட்டாரு.

"ஆசிட்ல போடதுக்கு முன்னால ஒங்ககிட்டத்தான் கேட்டேன். ஞாபகம் இருக்கா டீச்சர்? மொதலாளி போடச் சொல்லுதாரு, இரும்புக்கு ஒண்ணும் ஆகாதுல்லான்னு."

இருந்துச்சு. போன்ல வச்ச கண்ணை எடுக்காம, "துருதான் போகும் அண்ணாச்சி, தாராளமாப் போடுங்க"ன்னு சொன்னது நான்தான். அப்புறம் நொரை பொங்குறதையும் நின்னு பாத்தேன்.

"அதை மொதலாளிகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல அண்ணாச்சி."

ஸ்பேனரைத் துடைச்சுக் கீழ வச்சாரு. கோவமாக்கூடப் பேசல.

"சொல்லிட்டுக் கூப்புடுங்க. வாரேன்."

அத்தானை ஏசதுக்குன்னு சேத்து வச்சிருந்த வார்த்தை பூராவும், பஸ் சங்கரன்கோவில் வந்து சேரதுக்குள்ள என் மேலயே திரும்பிருச்சு. வீட்டுக்குப் போகாம நேரா ஷெட்டுக்குத்தான் நடந்தேன்.