பட்டியலில் இல்லாத கத்தி

1991 செப்டம்பர் 4: கத்தி, ரூ. 35.
1994 ஆகஸ்ட் 9: உறை தைக்கக் கூலி, ரூ. 14. தோல் சும்மா கிடைத்தது.
2003 ஜனவரி 20: பிடிக்கு ஆணி, ரூ. 10.
2012 மே 2: உறைக்கு மறுதையல், ரூ. 50.
2018 டிசம்பர் 1: சாணை, ரூ. 30.
2024 ஜூலை 15: உறைக்குப் பொத்தான், ரூ. 20.

ஆக மொத்தம் நூற்று ஐம்பத்தொன்பது ரூபாய். லைன்மேன் ஜான்பீட்டர் தன் முதல் மாதச் சம்பளத்தில் காரைக்கால் கடைத்தெருவில் வாங்கிய மடக்குக் கத்தி அது. மாட்டுக்கொம்புப் பிடி. ஒயர் சீவவும் டேப் அறுக்கவும் மத்தியானம் மாங்காய் நறுக்கவும் அதுதான். தீட்டித் தீட்டி அலகு பாதியாக இளைத்துவிட்டது.

உறையின் கதை வேறு. 1993 மழைக்காலத்தில் திருநள்ளாறு சாலையில் ஒரு கம்பத்து உச்சியில் அவருக்குக் கால் வழுக்கியது. இடுப்பில் கட்டியிருந்த தோல் பெல்ட் தாங்கிக்கொண்டது. மறு வருடம் தோல் பெல்ட்டுகளையெல்லாம் கழித்துவிட்டு நைலான் பெல்ட் கொடுத்தார்கள். ஜான்பீட்டர் ஸ்டோர்காரரிடம் கேட்டு, தன் பழைய பெல்ட்டில் ஒரு சாண் வாங்கிவந்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்து உறையாக்கிக்கொண்டார். அன்றிலிருந்து கம்பத்தில் ஏறுமுன் ஒருமுறை, இறங்கியபின் ஒருமுறை இடுப்பைத் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

"மாதா படத்தக்கூட இத்தனை தடவ தொட்டுக் கும்புட மாட்டாரு" என்பாள் மனைவி சலோமி.

2025 மே மாதம் ஓர் உத்தரவு வந்தது. சொந்தக் கருவி எதையும் கம்பத்துக்கு மேலே கொண்டுபோகக் கூடாது. பட்டியலில் உள்ளதை மட்டும் எண்ணி ஏற்றி, எண்ணி இறக்க வேண்டும். ஜூனியர் இன்ஜினியர் விஷ்ணுப்ரியா அதைப் படித்துக் காட்டிவிட்டு, ஜான்பீட்டரின் இடுப்பைப் பார்த்தார்.

"அண்ணே, உங்களுக்காகத்தான் சத்தமா படிச்சேன். இன்னொரு தடவ பாத்தா வாங்கி வச்சிடுவேன். அப்புறம் என்னாலயும் திருப்பித் தர முடியாது."

"சரிங்க மேடம்" என்றார். மறுநாள் சட்டையை வெளியே விட்டு உறையை மறைத்துக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்க்கிழமை. மீன்பிடித் தடைக்காலம் முடிந்து, கடலுக்குப் போன விசைப்படகுகள் காரைக்கால்மேட்டுக்குத் திரும்பத் தொடங்கிய நாள். ஐஸ் பிளான்ட் எதிரே இருந்த கம்பத்தில் இன்சுலேட்டர் வெடித்து, காலையிலேயே மின்சாரம் நின்றுவிட்டது. மீன் வந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஐஸ் இல்லை. கூடையும் பெட்டியுமாக ஜனங்கள் கம்பத்தைச் சுற்றி நின்றார்கள்.

ஜான்பீட்டரும் ஒயர்மேன் சிவநாதனும் மேலே வேலை பார்த்தார்கள். இருபது வருடக் கூட்டாளிகள். ஒருவர் கையிலிருந்து ஒருவர் கத்தி வாங்கினால் சண்டை வரும் என்று இருவருக்குமே நம்பிக்கை. அதனால் சிவநாதன் கத்தி கேட்டபோது, ஜான்பீட்டர் வழக்கப்படி கம்பத்தின் குறுக்கே போகும் இரும்புச் சட்டத்தில் அதை வைத்தார். சிவநாதன் எடுத்து டேப்பை அறுத்துவிட்டு, வழக்கப்படி சட்டத்திலேயே திரும்ப வைத்தார்.

மூன்றரை மணிக்குக் கீழே இறங்கினார்கள். கால் தரையில் படுமுன்பே கூட்டம் மொய்த்தது.

"முடிஞ்சிச்சா? இன்னும் பூசை பாக்கியிருக்கா?" என்றாள் மீன் ஏலம் எடுக்கும் கமலாம்பாள்.

"ஒரு நிமிஷம் இருங்கம்மா."

சிவநாதன் கருவிகளை எண்ணினார். பட்டியலோடு சரியாக இருந்தது. ஜான்பீட்டர் சப்-ஸ்டேஷனுக்குப் போன் போட்டு, "ஆளுங்க இறங்கியாச்சு, சாமான் இறங்கியாச்சு, எர்த் கம்பி கழட்டியாச்சு" என்று சொல்லி லைன் கிளியரைத் திருப்பிக் கொடுத்தார். வேலை முடியும்வரை மின்சாரம் விடுவதில்லை என்று சப்-ஸ்டேஷன் கொடுக்கும் வாக்கு அது. திருப்பிக் கொடுத்துவிட்டால் கம்பியில் மின்சாரம் வந்துவிட்டதாகவே கொள்ள வேண்டும். அதன்பிறகு யாரும் ஏறக் கூடாது.

"பட்டினச்சேரி பக்கமும் இதே லைன்ல ஆளுங்க வேலை பாக்குறாங்க. அவங்க குடுத்ததும் போட்டுடுறேன்" என்று ஆபரேட்டர் நெடுமாறன் போனை வைத்தார்.

ஜான்பீட்டரின் கை இடுப்புக்குப் போனது. உறை தட்டையாக இருந்தது.

"சிவா, கத்தி எங்க?"

"நீங்க எடுக்கலையா? சட்டத்துலதானண்ணே வச்சேன்."

"மடக்கி வச்சியா?"

சிவநாதன் ஒருநாளும் மடக்கி வைத்ததில்லை.

இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். கீழிருந்து ஒன்றும் தெரியவில்லை. சட்டத்துக்கும் நடுக்கம்பிக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருக்கும். திறந்த கத்தி அதில் எவ்வளவை அடைத்துக்கொண்டு கிடக்கிறதோ. மின்சாரம் வந்து நெருப்புப் பறந்தால், நேர்கீழே கூடைமேல் உட்கார்ந்திருக்கும் கமலாம்பாள்மேல்தான் விழும்.

சிவநாதன் குரலைத் தணித்தார். "அண்ணே, பட்டினச்சேரிக்காரன் இன்னும் குடுத்திருக்க மாட்டான். ரெண்டே நிமிஷம். ஏறி எடுத்துட்டு வந்துடுறேன். யாருக்கும் தெரியாது. கத்தியும் உங்ககிட்டயே இருக்கும்."

ஜான்பீட்டருக்கு அந்த இரண்டு நிமிடம் தேனாக இனித்தது. போன் செய்தால் கத்தி போய்விடும். செய்யாவிட்டால் சிவநாதன் ஏறுவான். சிவநாதன் ஏணியில் கால் வைத்தேவிட்டார். ஜான்பீட்டர் அவர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். ஒரு பொத்தான் தெறித்தது.

"விடுங்கண்ணே."

"இறங்குடா. உனக்கு ஒண்ணு ஆனா உங்க வீட்டுல போய் நான் நிக்கணும்."

சப்-ஸ்டேஷன் போன் வேறு யாருடனோ பேச்சில் இருந்தது. மறுபடி போட்டார். அதே. பட்டினச்சேரிக்காரர்கள்தான் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பேச்சு முடிந்ததும் நெடுமாறன் சுவிட்சுக்குப் போய்விடுவார்.

"எல்லாரும் தள்ளிப் போங்க. கம்பத்தடியில யாரும் நிக்காதீங்க" என்று கத்திக்கொண்டே விஷ்ணுப்ரியாவுக்குப் போட்டார்.

"மேடம், கரண்ட் விட வேணாம்னு சொல்லுங்க. இப்பவே சொல்லுங்க. நெடுமாறன் லைன் கிடைக்கல."

"ஏன், என்ன ஆச்சு?"

"கம்பத்துல ஒரு சாமான் இருக்கு."

"எண்ணிப் பாத்து சரியா இருக்குன்னுதான குடுத்தீங்க?"

"லிஸ்டுல இல்லாத சாமான், மேடம்."

மறுமுனையில் போன் வெட்டுப்பட்டது.

அவர் சொல்லப் போனாரா, கோபத்தில் வைத்துவிட்டாரா என்று தெரியவில்லை. ஜான்பீட்டர் ஐஸ் பிளான்ட் வாசலில் தொங்கிய குண்டு பல்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அது எரிந்தால் முடிந்தது. கூட்டம் அரைமனதாகப் பத்தடி நகர்ந்திருந்தது.

"என்னதான்யா மேல வச்சிட்டு வந்த?" என்றாள் கமலாம்பாள்.

"கத்தி."

"கத்தியா? யோவ், நூறு ரூவா தரேன், நல்லதா ஒண்ணு வாங்கிக்க. கரண்ட விடுய்யா. என் மீனு கெட்டா எவன் தருவான்?"

கூட்டம் சிரித்தது. பின்னால் ஒருவன் கெட்ட வார்த்தை சொன்னான். ஜான்பீட்டர் பல்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

போன் அடித்தது. நெடுமாறன். "கை சுவிட்சு மேல இருந்துச்சுண்ணே. மேடம் ஆபீஸ் போன்ல கூப்பிட்டாங்க. என்னண்ணே இது, இத்தனை வருஷத்துல நீங்களா?"

புதிதாக லைன் கிளியர் வாங்க இருபத்தைந்து நிமிடம் ஆனது. ஜான்பீட்டரே ஏறினார். கத்தி வாயைத் திறந்தபடி சட்டத்தின் விளிம்பில் கிடந்தது. அதன் முனைக்கும் நடுக்கம்பிக்கும் நான்கு விரல் இடைவெளி. மடக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உறையில் வைக்கக் கை வரவில்லை.

இறங்கும்போது விஷ்ணுப்ரியா ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டிருந்தார். கையை நீட்டினார். ஜான்பீட்டர் கத்தியை ஸ்கூட்டர் சீட்டின்மேல் வைத்தார். அவர் எடுத்துக்கொண்டார்.

மின்சாரம் தாமதமானதற்கு ஐஸ் பிளான்ட்காரர் எழுத்தில் புகார் கொடுத்தார். விளக்கம் கேட்டு முதல் கடிதம் ஜூன் 23 அன்று வந்தது. விசாரணைக்கு அழைத்து இரண்டாவது ஆகஸ்ட் 12 அன்று வந்தது. கத்தி பழுப்புக் கவருக்குள் பிரிவு அலுவலக பீரோவில் இருந்தது. தினமும் கையெழுத்துப் போடும்போது அந்த பீரோவைப் பார்க்காமல் இருக்க அவரால் முடியவில்லை.

விசாரணை அதிகாரி வெளியூர்க்காரர், பொறுமையானவர். "சப்ளையை நிறுத்தச் சொன்னது நல்ல காரியம். கீழே நின்ற ஜனங்களுக்கு ஆபத்து என்றுதானே நிறுத்தினீங்க?" என்று கேட்டார். விஷ்ணுப்ரியா பக்கத்தில் உட்கார்ந்து, ஆமாம் என்று சொல்லுங்கள் என்பதுபோல் பார்த்தார்.

"இல்லீங்க சார். உறை காலியா இருந்ததும் என் கத்தி போச்சேன்னுதான் மொதல்ல நெனச்சேன். சனம் அப்புறந்தான் கண்ணுல பட்டுச்சு."

"இதை அப்படியே எழுதிக்கவா?"

"எழுதிக்குங்க சார்."

வெளியே வந்ததும், கதவோரம் கேட்டுக்கொண்டிருந்த சிவநாதன் பிடித்துக்கொண்டார். "அந்தாளே வழி விட்டுக் குடுக்குறாரு. ஆமாங்கன்னு ஒரு வார்த்தை. கத்தியக் கையோட வாங்கிட்டு வந்திருக்கலாம்."

"கத்திய வாங்குறதுக்காக கத்திய நெனக்கலன்னு சொல்லச் சொல்றியா?"

சிவநாதன் தலையில் அடித்துக்கொண்டு பைக்கை உதைத்தார்.

செப்டம்பர் போனது. அக்டோபர் போனது. ஓய்வுக்கு ஒரு வருடம்கூட இல்லை. தபால்காரரின் மணி கேட்டால் சலோமி அடுப்பைத் தணித்துவிட்டு வாசலுக்கு ஓடுவாள். நவம்பர் நடுவில் ஒருநாள் பீரோ திறந்திருந்தது. பழுப்புக் கவர் இல்லை. யாரிடமும் அவர் கேட்கவில்லை.

கடிதத்தைச் சலோமிதான் பிரித்தாள். எச்சரிக்கையோடு விட்டிருந்தார்கள். ஓய்வூதியத்துக்குப் பாதகமில்லை. இரண்டாம் பத்தியில், தடை செய்யப்பட்ட பொருளாகிய கத்தி விதிப்படி இரண்டாக வெட்டி அழிக்கப்பட்டது என்று இருந்தது. அதை அவள் வாய்விட்டுப் படிக்கவில்லை. அவர் வாங்கிப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார்.

"வேலைக்கு ஒண்ணும் இல்லைல்ல, அது போதுங்க" என்றாள்.

"போதும்" என்றார் ஜான்பீட்டர். பெல்ட்டை அவிழ்த்து உறையை உருவி அவளிடம் கொடுத்துவிட்டு, அன்றைக்கு உள்ள வேலைக்குக் கிளம்பிப் போனார்.

அந்தக் கடைசிக் கடிதம் வந்தது 2025 நவம்பர் 21, வெள்ளிக்கிழமை.