மருந்து குடிக்கும்போது நிற்கிறவர்

கட்டிலில் சாய்ந்தபடி லிஃப்ட்காரர் வீடியோ கேம் கன்ட்ரோலரின் பிடிக்குக் கறுப்பு டேப் சுற்றிக்கொண்டிருந்தார், மின்கம்பிக்குச் சுற்றுவதுபோல ஒரு சுருக்கமில்லாமல். லிஃப்ட் பழுதுபார்ப்பது அவர் தொழில். குளியலறையில் வழுக்கி விழுந்து தொடையெலும்பு முறிந்ததால் வீட்டில் கிடந்தார். கவனித்துக்கொள்ள என்னை வைத்திருந்தார்கள். வலியைப் பொறுத்துக்கொண்டார். புது விளையாட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

ராட்சத மிருகங்களை வேட்டையாடும் விளையாட்டு அது. பாகம் பாகமாக வந்துகொண்டே இருக்கிறது. முதல் பாகத்தை அவரும் தங்கையும் ஒரே அறையில் தரையில் உட்கார்ந்து ஆடினார்கள். இப்போது தங்கை வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். ஆனாலும் இன்டர்நெட்டில் சேர்ந்துதான் ஆடுகிறார்கள், எந்தப் பாகத்தையும் தனியாக முடித்ததில்லை. ஃபோன் போட்டு நலம் விசாரிக்கிற பழக்கம் அந்தக் குடும்பத்தில் கிடையாது. அம்மா செத்த துக்கத்தைக்கூட மிருகத்தைத் துரத்திக்கொண்டேதான் பேசித் தீர்த்தார்கள்.

பழைய பாகங்களில் மிருகத்தைத் தேடி அலைய வேண்டும். கண்டதும் சாய உருண்டையை எறிந்து அடையாளம் வைக்க வேண்டும். மருந்து குடித்தால், குடித்து முடித்துப் புஜத்தைக் காட்டும்வரை திரையில் நம் வேடன் நகரமாட்டான். புதுப் பாகத்தில் ஏறி உட்கார்ந்தால் போதும், சவாரிப் பிராணியே மிருகத்திடம் கொண்டுபோய் விடுகிறது. மருந்தையும் நடந்துகொண்டே குடிக்கலாம்.

"இது வேட்டையாம்மா? டூரிஸ்ட் பஸ்!"

"அவ்வளவு சுலபம்னா நீங்க ஏன் செத்துக்கிட்டே இருக்கீங்க, தம்பி?"

டேப்பைப் பல்லால் கடித்து அறுத்தார்.

அன்று மாலையும் அதே கதை. இருவரும் சேர்ந்து மூன்று முறை விழுந்தால் வேட்டை தோல்வி. மூன்று முறையும் அவரே விழுந்தார். மருந்தை எடுத்ததும் அவர் கட்டைவிரல் வேடனை நடத்துகிற குச்சியைத் தானாக விட்டுவிடும். வேடன் நிற்பான். மிருகம் மிதிக்கும். ஸ்பீக்கரில் போட்டிருந்த ஃபோனில் தங்கை கத்தினாள்.

"மறுபடியும் நின்னுட்டியேண்ணா! குடிச்சுக்கிட்டே ஓடலாம்னு எத்தனை தடவை சொல்றது?"

"எனக்குத் தெரியும்டி. கட்டைவிரலுக்குத்தான் தெரியல."

"அப்ப அதுகிட்ட ஃபோனைக் குடு, நான் பேசறேன்."

"விளையாட்டையே கெடுத்து வச்சிருக்கானுங்க, நீ என்னைச் சொல்றே."

"கெடலண்ணா, மாறியிருக்கு. தினமும் உன் புலம்பலைக் கேக்கவா வேலை முடிச்சு ஓடி வரேன்? நாளையிலேருந்து ஆபீஸ் ஆளுங்களோட ஆடிக்கிறேன், போ."

பேச்சு அறுந்தது. கன்ட்ரோலரை எறிந்தார், போர்வையின் மேல்தான். சாப்பாடு வேண்டாம் என்றார். மாத்திரையை வெறும் வயிற்றில் போடக்கூடாது. கோபம் தீரும்வரை நான் காத்திருக்க முடியாது. தட்டை மடியில் வைத்தேன். திட்டிக்கொண்டே சாப்பிட்டார். விளையாட்டைச் செய்தவர்களில் தொடங்கி, ஆபீஸ் ஆட்கள்வரை யாரையும் விடவில்லை.

மறுநாள் காலை முகம் கழுவத் தண்ணீர் கொண்டுபோனபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. பயிற்சித் திடல், மிருகமே இல்லை. வேடன் மருந்தைக் குடித்தான், நின்றான். "சனியன் பிடிச்ச விரலே," என்றார். மறுபடி குடித்தான், நின்றான்.

"தண்ணி ஆறுது. உடற்பயிற்சியும் பாக்கி."

"இன்னும் ஒரு பாட்டில், இருங்கம்மா."

ஒரு பாட்டில் பல பாட்டிலாயிற்று. கடைசியில் வேடன் குடித்துக்கொண்டே திடலை முழுசாகச் சுற்றி வந்தான். அவர் முகத்தில் சிரிப்பில்லை. ஃபோனை எடுத்துத் தங்கைக்குக் குரல் செய்தி அனுப்பினார்.

"சாயங்காலம் வா. நடந்துக்கிட்டே குடிக்கிறேன். ஆனா ஒண்ணு, இது இப்பவும் டூரிஸ்ட் பஸ்தான்."

நான் நடை பழகுகிற வாக்கரை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.